நெறிகட்டியைக் காட்டும் மருந்து: அதைத் தயாரிக்கும் வேலைக்குப் போவது எப்படி?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அப்போது வேறு வழி இருக்கவில்லை. அப்படி எடுத்துவிட்டால் நிணநீர் வடியும் பாதை அறுந்துபோய், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கை வீங்கிவிடுகிறது. காஞ்சிபுரம் பக்கம் ஐயம்பேட்டையில் தறியில் உட்காரும் பெண்ணுக்கும், வீட்டுத் திண்ணையில் ஊடை சுற்றும் பெண்ணுக்கும் அந்த வீக்கம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. நாடா வீச முடியாது. பாவில் அறுந்த இழையை எடுத்து முடிய விரல் மடங்காது. கூலி நின்றுபோகும்.

எல்லாக் கணுக்களையும் எடுக்காமல், கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டை மட்டும் தேடி எடுத்துச் சோதித்தால், கை வீங்குவது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. மருத்துவமனையில் அதை 'சென்டினல் நோட்' என்பார்கள். காவல் கணு என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலில் நெறி கட்டினால் கைக்குத் தட்டுப்படும். காவல் கணுவோ கொழுப்புக்குள் பயறளவில் புதைந்து கிடக்கும். கத்தி பிடிக்கும் மருத்துவருக்கு அதைக் காட்டிக்கொடுக்க ஒரு மருந்து வேண்டும். அந்த மருந்தைத் தயாரித்து, சோதித்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு எப்படிப் போவது, போனால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் பக்கம் பி.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ முடிக்கும் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியும் வழிகள் சிலதான்: ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ், பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. கதிரியக்க மருந்துகளைக் கையாளும் அணு மருத்துவம் என்று ஒரு துறை இருப்பதே பலருக்கு எட்டுவதில்லை. இத்தனைக்கும் அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி புற்றுநோயால் மறைந்த அதே ஆண்டில் அவர் பெயரால் தொடங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை பக்கத்தில் காரப்பேட்டையில் இருக்கிறது. நோயாளிகள் நம் ஊர்க்காரர்கள். மருந்து தயாரிப்பவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகளாக இருக்கலாம்.

ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளம்?

காவல் கணுவைக் காட்ட முக்கியமாக மூன்று வகைப் பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது நீலச் சாயம். 1992-இல் டொனால்ட் மார்ட்டன் தோல் புற்றுநோயில் இதைப் பயன்படுத்திக் காட்டினார். இரண்டாவது கதிரியக்கக் கூழ்மம். 1993-இல் டேவிட் க்ராக் மார்பகப் புற்றுநோயில் இதைச் செலுத்தி, காமா புரோப் என்ற கைக்கருவியால் கணுவைக் கண்டுபிடித்தார். மூன்றாவது ஒளிரும் சாயம். இந்தோசயனைன் கிரீன், சுருக்கமாக ஐ.சி.ஜி.; கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மின்னும், கேமராவில் பளிச்சென்று தெரியும். இரும்பு ஆக்சைடு துகள்களைக் காந்தக் கருவியால் தேடும் முறையும் உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளில் நீங்கள் பெரும்பாலும் முதல் மூன்றைத்தான் கையாள வேண்டியிருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருக்கிறது. நீலச் சாயம் மலிவு. ஆனால் கத்தி வைத்துத் திறந்த பிறகுதான் தெரியும். கதிரியக்கம் தோலுக்கு மேலிருந்தே இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் அது வெறும் ஓசையும் எண்ணும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஐ.சி.ஜி. அழகாகத் தெரியும், ஆனால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் திசு இருந்தால் அந்த ஒளி வெளியே வராது. அதனால்தான் இரண்டைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று தவறவிட்ட கணுவை இன்னொன்று பிடித்துவிடும். இப்படிச் சேர்ப்பதைத்தான் 'மல்டி மோடல்' என்பார்கள். அதைப் பற்றி நேர்காணலில் கேட்டால், பாடப்புத்தக வரையறையைச் சொல்வதைவிட இந்தக் குறைகளைச் சொல்லுங்கள். எதற்காகச் சேர்க்கிறோம் என்பது புரிந்தவருக்குத்தான் எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் புரியும்.

அணு மருத்துவப் பிரிவே இல்லாத மருத்துவமனைகள் நம் நாட்டில் ஏராளம். டெல்லி எய்ம்ஸ் அறுவை மருத்துவர்கள் மெத்திலீன் புளூவுடன் ஃபுளோரசீன் என்ற மலிவான சாயத்தைச் சேர்த்து, நீல எல்.இ.டி. விளக்கில் பார்த்துக் கணுவை எடுக்கும் முறையைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். கதிரியக்க வசதியுள்ள இடத்தில் வேலை கிடைத்தால் இந்த மலிவு முறையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். மாவட்ட மருத்துவமனைக்குக் கைகொடுப்பது அதுதான்.

காலை ஆறு மணி வேலை

கதிரியக்கக் கூழ்மத்தின் உயிர் டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது காலை ஆறு மணிக்கு உள்ளது நண்பகல் பன்னிரண்டுக்குப் பாதி, மறுநாள் காலை ஆறுக்குப் பதினாறில் ஒரு பங்கு. இதைக் கடையில் வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது. மாலிப்டினம்-99 ஏற்றிய ஜெனரேட்டர் ஒன்று மருத்துவமனைக்கு வரும். அதில் உப்புக் கரைசலை ஓட்டினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும். இதற்கு எலூஷன் என்று பெயர். இந்தியாவில் ஜெனரேட்டர்களையும், டெக்னீசியத்தோடு சேர்க்க வேண்டிய பொருள்கள் அடங்கிய கிட்களையும் தருவதில் அணுசக்தித் துறையின் கீழ் நவி மும்பை வாஷியில் இயங்கும் 'பிரிட்' நிறுவனத்துக்கு முக்கிய இடம் உண்டு.

மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி. ஒரு வாரத்தில் ஜெனரேட்டரின் பலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைச் சூத்திரமாக மட்டும் பார்க்கிறார்கள். காவல் கணு வேலையில் இது கால அட்டவணையையே தீர்மானிக்கிறது. ஏனென்றால் இங்கே செலுத்தும் அளவு மிகச் சிறியது, ஓர் இடத்துக்கு 0.1 முதல் 0.5 மில்லி லிட்டர். அந்தத் துளிக்குள் வேண்டிய கதிரியக்கம் அடங்க வேண்டுமானால் எலூஷன் செறிவாக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் கிழடான நாளில் எலும்பு ஸ்கேன் செய்துவிடலாம், பெரிய அளவில் ஊசி போட்டுச் சமாளிக்கலாம்; காவல் கணுவுக்கு முடியாது. ஆகவே ஜெனரேட்டர் எந்தக் கிழமை வருகிறது என்பதைப் பார்த்து அறுவைப் பிரிவோடு பேசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பேச்சு பல வீண் முயற்சிகளைத் தவிர்க்கும்.

இன்னொன்று: இரண்டு மூன்று நாள் எலூட் செய்யாமல் விட்ட ஜெனரேட்டரின் முதல் எலூஷனில், நெடுநாள் வாழும் டெக்னீசியம்-99 நிறையச் சேர்ந்திருக்கும். டெக்னீசியத்தை மருந்தோடு பிணைக்கக் கிட்டில் வைத்திருக்கும் வெள்ளீயத்தை அது தின்றுவிடும். மருந்தில் கதிரியக்கம் சரியாக ஏறாது. திங்கட்கிழமை முதல் எலூஷனை ஓரமாக வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி எலூட் செய்து வேலையைத் தொடங்குங்கள்.

எலூஷன் வந்தவுடன் மூன்று சோதனைகள். மாலிப்டினம் கலந்து வந்திருக்கிறதா என்று ஈயக் குடுவையில் வைத்து, கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் கேலிபிரேட்டரில் பார்க்க வேண்டும். ஒரு மில்லிக்யூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோக்யூரிக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது, அலுமினியம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் தாள் சோதனை: அது மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். அளவு மீறினால் சல்ஃபர் கூழ்மம் திரிந்து கட்டியாகிவிடும். மூன்றாவது, கண்ணால் பார்ப்பது: ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, தெளிவாக இருக்கிறதா, துகள் மிதக்கிறதா என்று. பலர் தாவிச் செல்வது இந்த மூன்றாவதைத்தான்.

பிறகுதான் தயாரிப்பு. சல்ஃபர் கூழ்மம் என்றால், தயோசல்ஃபேட்டும் அமிலமும் எலூஷனும் சேர்ந்த வயலை, அதாவது மருந்துக் குப்பியை, கொதிக்கும் நீரில் கிட் தாள் சொல்லும் நிமிடங்கள் வைத்து, ஆறவிட்டு, பஃபர் சேர்க்க வேண்டும். அப்படி வரும் துகள்கள் 1000 நானோமீட்டர் வரை பெரிதாக இருக்கும். பெரிய துகள் ஊசி போட்ட இடத்திலேயே தங்கிவிடும், நகராது. நான்கைந்து நானோமீட்டருக்கும் சிறியது ரத்தக் குழாய்க்குள் புகுந்து ஓடிவிடும். நமக்கு வேண்டியது நடுத்தரம், பொதுவாக 100 நானோமீட்டருக்கு உட்பட்டது. அதற்காக 0.1 அல்லது 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே அனுப்புவார்கள். கதிரியக்கத்தில் நல்ல பங்கு வடிகட்டியிலேயே தங்கிவிடும் என்பதால் தொடக்கத்திலேயே அதற்கேற்பக் கூடுதலாக எடுக்க வேண்டும். ஆல்புமின் நானோகூழ்மக் கிட் கிடைக்கும் இடத்தில் கொதிக்க வைக்கும் வேலை இல்லை. 95 சதவீதத் துகள்கள் 80 நானோமீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆனால் அந்த வயலுக்குள் காற்றை ஏற்றிவிடாதீர்கள். ஆக்சிஜன் பட்டால் வெள்ளீயம் கெடும், அதோடு கிட்டும் கெடும். எலூஷனை உள்ளே விட்ட அதே சிரிஞ்சால் அதே அளவு வாயுவை இழுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த வேலையின் நடுப்புள்ளிக்கு வருகிறோம். தயாரிக்கச் சில நிமிடங்கள் போதும். அது சரியாக இருக்கிறது என்று நிரூபிப்பதுதான் வேலை.

ஐ.டி.எல்.சி. என்ற மெல்லிய நிறப்பிரிகைத் தாளை விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்கிறீர்கள். அடியில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் மேல் தயாரித்த மருந்தில் ஒரு சொட்டு. சிறு கண்ணாடிக் குப்பியில் கிட் தாள் சொல்லும் கரைப்பானை அடியில் மட்டும் ஊற்றி, சொட்டு நனையாதபடி தாளை நிறுத்துகிறீர்கள். கரைப்பான் மேலேறும். கூழ்மத்தில் பிணைந்த டெக்னீசியம் அடியிலேயே நிற்கும். பிணையாத தனி பெர்டெக்னிடேட் கரைப்பானோடு உச்சிக்குப் போய்விடும். தாளை நடுவில் வெட்டி, இரண்டு துண்டுகளையும் தனித்தனியே எண்ணுகிறீர்கள். பின்புல எண்ணிக்கையைக் கழித்த பிறகு அடித்துண்டில் 38,000, மேல்துண்டில் 2,000 என்று வந்தால், 40,000-க்கு 38,000: 95 சதவீதம். அனுமதிக்கும் எல்லையில் நிற்கிறது. 94 வந்தால்?

அனுப்பக் கூடாது. தனி பெர்டெக்னிடேட் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவும். படத்தில் பின்புலம் கூடும். புரோப் கண்ட இடத்திலெல்லாம் ஓசை எழுப்பும். காவல் கணு அந்த இரைச்சலில் மறையும். "ஒரு சதவீதம்தானே" என்று தோன்றும் நேரத்தில், அறுவைப் பிரிவிலிருந்து போன் வரும், நோயாளி வெறும் வயிற்றோடு காத்திருப்பார், உங்கள் சீனியர் வேறு பக்கம் போயிருப்பார். அப்போது, "சார், இந்த வயல் பாஸ் ஆகலை. புதுசா போடுறேன், நாற்பது நிமிஷம் கொடுங்க" என்று சொல்லத் தெரிய வேண்டும். குரல் உயர வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், காரணமும் நேரமும் போதும். நல்ல மருத்துவர்கள் இப்படிச் சொல்பவரைத்தான் அடுத்த முறை நம்புகிறார்கள். சொல்லாமல் மழுப்பி அனுப்புபவர் இந்தத் துறைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கணக்கு. முந்தைய நாள் மாலை நான்குக்கு ஊசி, மறுநாள் காலை பத்துக்கு அறுவை. இடைவெளி 18 மணி, மூன்று அரை ஆயுள், எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். தியேட்டரில் அரை மில்லிக்யூரி இருக்க வேண்டுமென்றால் மாலையில் 4 மில்லிக்யூரி வேண்டும். அதே நாள் காலை ஏழுக்கு ஊசி போட்டால் 0.7 மில்லிக்யூரி போதும். இதை மனக்கணக்காகச் சொல்லப் பழகுங்கள். அறுவை நேரம் தள்ளிப்போனதாக நர்ஸ் அக்கா போனில் சொல்லும்போது கால்குலேட்டர் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஊசி போட்ட பின் சிரிஞ்சையும் அளந்து எழுதுங்கள். கூழ்மம் சிரிஞ்சின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனது எவ்வளவு என்பது மிச்சத்தைக் கழித்தால்தான் தெரியும்.

இரண்டையும் ஒரே துகளில்

கதிரியக்கத்தையும் ஒளியையும் தனித்தனியே செலுத்தினால் ஒரு சிக்கல் வரும். ஐ.சி.ஜி. சிறிய மூலக்கூறு, காவல் கணுவில் தங்காமல் அடுத்தடுத்த கணுக்களுக்கும் ஓடிவிடும். புரோப் ஒரு கணுவைச் சொல்லும். கேமரா நான்கைக் காட்டும். எதை எடுப்பது? நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். டெக்னீசியம் ஏற்றிய ஆல்புமின் நானோகூழ்மத்தில் மிகச் சிறிதளவு ஐ.சி.ஜி.யைச் சேர்த்தார்கள். ஐ.சி.ஜி.க்கு ஆல்புமினோடு தானாக ஒட்டும் குணம் உண்டு. ஒரே துகள் ஓசையும் தருகிறது, ஒளியும் தருகிறது. புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்வை போட்டு இணைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் ஆபத்தும் உடனே புரியும்: இணைப்பு விட்டால் இரண்டும் தனித்தனியே பிரிந்துவிடும்.

அந்த இணைப்பைக் காப்பாற்றச் சில விஷயங்கள். ஐ.சி.ஜி. தூளை ஊசிமருந்துக்கான சுத்த நீரில் கரைக்க வேண்டும். உப்புக் கரைசலில் கரைத்தால் திரளும். கரைத்த பின் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்; வெளிச்சத்தில் வைத்தால் அதற்குள்ளேயே கெடும். அதிகம் சேர்த்தால் அதிகம் ஒளிரும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது எதிர்மாறு: மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். ஆல்புமினில் இடம் கிடைக்காத மிச்சமும் தனியே ஓடும். அளவுக்கு மேல் ஒரு துளியும் கூடாது. ஐ.சி.ஜி.யில் சோடியம் அயோடைடு கலந்திருப்பதால், அயோடின் ஒவ்வாமை உள்ளவரா என்று கேட்டு எழுதிய பிறகே டோஸ் வெளியே போக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மருந்துகளைக் கலந்து மூன்றாவதை உண்டாக்குவது நீங்களோ உங்கள் மருத்துவரோ ஒரு காலையில் முடிவெடுத்துச் செய்யும் காரியம் அல்ல. மருத்துவமனையின் எழுத்துப்பூர்வ செயல்முறை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தொகுதிக்குத் தொகுதி தரச்சோதனைப் பதிவு எல்லாம் வேண்டும். அவை இல்லாத இடத்தில் கூழ்மம் தனி சிரிஞ்சிலும் சாயம் தனி சிரிஞ்சிலும் போகட்டும்.

நீலச் சாயத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். மெத்திலீன் புளூவை நீர்க்கச் செய்யாமல் தோலுக்குள்ளேயே செலுத்தினால் தோல் கருகிப் புண்ணாகும். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சாயம் ரத்தத்தில் கலந்ததும் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஆக்சிஜன் குறைந்ததாகப் பொய்யாகக் காட்டும்; மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தோடு நின்றுவிடாதீர்கள். அனுமதி கேட்டு ஒரு முறையாவது தியேட்டருக்குள் போய் நில்லுங்கள். கதிரியக்க எண்ணிக்கை மிக அதிகமாக உள்ள கணுவை வெளியே எடுத்து எண்ணிய பிறகு, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணிக்கை காட்டும் கணுக்களையும் மருத்துவர் தேடி எடுப்பார். 94 சதவீத வயலை ஏன் தடுத்தோம் என்பது அங்கே நின்று பார்த்தால் தெரியும்.

வீட்டில் கேட்கும் கேள்வி

"கதிரியக்கமா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை குட்டி வேண்டாமா?" என்று அம்மாவோ பெரியம்மாவோ கேட்பார்கள். நியாயமான கேள்வி, எண்களோடு பதில் சொல்லுங்கள். இந்தியாவில் இந்த வேலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., மேற்பார்வை செய்கிறது. ஊழியருக்கான எல்லை ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் பெறுகிறார்கள். காவல் கணுவுக்கு எடுக்கும் கதிரியக்கம் மற்ற ஸ்கேன்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கர்ப்பம் என்று தெரிந்து நிர்வாகத்திடம் சொன்ன நாளிலிருந்து கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற தனி எல்லை வந்துவிடும்; வேலையை மாற்றித் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. சொல்லத் தயங்காதீர்கள்.

வாங்கிய கதிர்வீச்சை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் முழு உடம்புக்கு. ஆனால் இந்த வேலையில் அதிகம் வாங்குவது விரல்நுனி. விரல் மோதிர டோசிமீட்டர் தருகிறார்களா என்று கேளுங்கள். தூரத்தை இரட்டித்தால் டோஸ் நான்கில் ஒன்றாகும். ஆகவே வயலை விரலால் எடுக்காமல் நீண்ட இடுக்கியால் எடுங்கள், சிரிஞ்சுக்குக் கவசம் போடாமல் தொடாதீர்கள். கைவேகம் வருவதற்கு ஒரே வழி, கதிரியக்கம் இல்லாமல் வெறும் உப்பு நீரை வைத்து முழுச் செயலையும் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது. முதல் மாதம் முழுக்க இப்படிச் செய்ய அனுமதிக்கும் துறைத் தலைவர் கிடைத்தால் அந்த இடத்தை விடாதீர்கள். பேட்ஜைக் கொடுத்துவிட்டு அதன் அளவை ஊழியருக்குக் காட்டாத இடமென்றால், சம்பளம் எவ்வளவானாலும் யோசியுங்கள்.

எங்கே படிப்பது?

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் நேரடியாக அணு மருத்துவத் தொழில்நுட்ப இளங்கலைக்குப் போகலாம். புதுச்சேரி ஜிப்மரிலும் மணிப்பாலிலும் இந்தப் படிப்பு உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து நெடுஞ்சாலையில் போனால் எட்டிவிடும் வேலூர் சி.எம்.சி.யின் அணு மருத்துவத் துறை நாடறிந்தது. அங்கே நடப்பு ஆண்டில் என்னென்ன பயிற்சிகள் என்று பாருங்கள். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு மும்பை பரேலில் 1963 முதல் இயங்கும் கதிர்வீச்சு மருத்துவ மையம் சிறந்த வாசல். பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் கீழ் டி.எம்.ஆர்.ஐ.டி. என்ற பட்டயமும், மருத்துவமனைக் கதிரியக்க மருந்தியலில் முதுகலையும் நடக்கின்றன. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. இரண்டிலும் அணு மருத்துவ எம்.எஸ்சி. உண்டு.

இயந்திரம், படம், நோயாளி என்று மூன்றோடும் பழகப் பிடிக்கும் என்றால் தொழில்நுட்பர் வழி. வேதியியலில் கை ஊறியவர் என்றால் கதிரியக்க மருந்தியல். இரண்டாவதற்கு இடங்கள் குறைவு. ஆனால் பெட் ஸ்கேன் மையங்களும் சைக்ளோட்ரான்களும் பெருகும் காலத்தில் அந்தத் திறமைக்குத் தேவை கூடும் என்றே நினைக்கிறேன். வேதியியல் பட்டதாரிக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

சேர்க்கை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. நடப்பு ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். ஆறு மாதத்தில் 'நியூக்ளியர் டிப்ளமோ' தருவதாகச் சொல்லும் தனியார் நிலையங்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வைத்து ஏ.இ.ஆர்.பி. எனக்கு அணு மருத்துவத் தொழில்நுட்பராகப் பதிவு தருமா? எழுத்தில் பதில் தராவிட்டால் பணம் கட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தகுதியையும் எழுதி வாங்கிவிடுங்கள். பாதுகாப்பு அலுவலர் இல்லாமல் ஓர் அணு மருத்துவப் பிரிவு நடக்க முடியாது என்பதால், சிறிய மருத்துவமனைகள் அந்தத் தகுதி உள்ளவரை விரும்பி எடுக்கும்.

நேர்காணலில் பொதுப்படையான கேள்விகள் குறைவு. "எலூஷன் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பீங்க?" "ஜெனரேட்டர் விமானத்தில் தாமதமாகிவிட்டது, நாளை மூன்று காவல் கணு கேஸ், என்ன செய்வீங்க?" இரண்டாவது கேள்விக்குப் பின்னால் உண்மைச் சம்பவங்கள் உண்டு. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை நின்றபோது உலகெங்கும் மாலிப்டினத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உலை மறுபடி ஓட 2010 ஆகஸ்ட் ஆயிற்று. மருத்துவ ஐசோடோப்புகளுக்காகத் தனியார் பங்களிப்போடு ஓர் ஆராய்ச்சி உலை அமைக்கப்போவதாக இந்திய அரசு 2020 மே மாதம் அறிவித்ததற்கும் இந்தத் தேவைதான் அடிப்படை. உங்கள் பதிலில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: இருக்கும் பழைய ஜெனரேட்டரில் எவ்வளவு செறிவு கிடைக்கும் என்ற கணக்கு, பக்கத்து மருத்துவமனையிடம் கேட்பது, அறுவை மருத்துவரிடம் சாய முறைக்கு மாறலாமா என்று அன்றே கேட்பது.

தமிழில் சொல்லத் தெரிய வேண்டும்

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும்: கிட் தாள், பதிவேடு, ஏ.இ.ஆர்.பி. படிவம் எல்லாம் ஆங்கிலம். ஒரு கிட் தாளை எடுத்து வரிவரியாகப் படித்துப் பழகினால் மற்ற கிட்களுக்கும் அதே நடைதான். அதைவிடக் கடினமானது, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் பேசுவது. இங்கே உங்களுக்குத்தான் சாதகம்.

"கதிரியக்க மருந்து செலுத்தப்படும்" என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். "அம்மா, அக்குள்ல எந்த நெறிகட்டியை எடுக்கணும்னு டாக்டருக்குக் காட்ட ஒரு சின்ன ஊசி. போடும்போது சுருக்குன்னு எரியும், ஒரு நிமிஷம்தான். அப்புறம் அந்த இடத்தை மெதுவா நீவிவிடணும்" என்று சொல்லுங்கள். காவல் கணுவைத் தேடுவது வாய்ப் புற்றுநோய்க்கு என்றால், ஊசி முடிந்ததும் வாய் கொப்புளிக்கச் சொல்லி, துப்பியதைத் தனிக் கோப்பையில் வாங்குங்கள். உமிழ்நீரில் கலந்த கதிரியக்கம் தொண்டைக்குள் இறங்கினால் படத்தில் பொய்யான புள்ளி விழும். நீலச் சாயம் போட்டிருந்தால் ஓரிரு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும் என்பதை ஊசிக்கு முன்பே நோயாளியிடமும், கூட வந்தவரிடமும், வார்டு நர்ஸ் அக்காவிடமும் சொல்லிவிட்டு, சொன்னதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.